டான்டலஸின் தாகம்

கேள்வி: ‘டெம்ப்ட்’ என்றாலும் ஆசை காட்டுவது, ‘டான்டலைஸ்’ என்றாலும் ஆசை காட்டுவது என்று அகராதியில் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? எதை எங்கே எழுதுவது?
(கல்லூரி மாணவி, ஆரணி)

பதில்: ‘அகராதியில் போட்டிருக்கிறது’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நம் ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பல, சொல்லுக்கு நேரே இன்னொரு சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இதே பக்கத்தில் இதற்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். பின்னால் ஒரு கதை இருக்கும் சொல்லுக்கு அந்தக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டால், பிள்ளைகள் பொருளை உருப்போடவே வேண்டாம்.

இரண்டும் ஒன்றல்ல. சர்க்கரை நோயாளி முன்னால் ஜாங்கிரித் தட்டை வைத்தால் அது டெம்ப்ட். கை நீட்டினால் கிடைத்துவிடும், நீட்டலாமா என்பதுதான் அவருடைய போராட்டம். டான்டலைஸில் அந்தப் போராட்டத்துக்கே இடம் கிடையாது. பொருள் கண்ணுக்குத் தெரியும், மணக்கும், கை போனதும் விலகிவிடும்.

டான்டலைஸ் என்ற சொல் டான்டலஸ் என்பவனின் பெயரிலிருந்து வந்தது. அவன் கிரேக்கப் புராணத்து அரசன், தேவர்களின் தலைவன் ஜீயஸின் மகன். இன்றைய துருக்கியின் மனிசா நகரை ஒட்டிய சிபிலஸ் மலைப் பகுதியை ஆண்டவன். இறந்த பிறகு பாதாளத்தில் அவன் படும் பாட்டை கிரேக்கக் கவிஞர் ஹோமர் தன் ஒடிசி காவியத்தின் 11-ஆம் பகுதியில் விவரிக்கிறார். மோவாய் வரை தண்ணீரில் நிற்கிறான். குடிக்கக் குனிந்தால் குளம் வற்றிக் காலடியில் கறுத்த மண் தெரிகிறது. தலைக்கு மேலே பேரி, மாதுளை, ஆப்பிள், அத்தி, ஆலிவ் எல்லாம் காய்த்துத் தொங்குகின்றன. பறிக்கக் கை தூக்கினால் காற்று கிளையை மேகத்துக்குத் தூக்கிப்போகிறது.

என்ன குற்றத்துக்கு? ஹோமர் சொல்லவில்லை. பெற்ற மகன் பெலோப்ஸையே வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்கு விருந்து வைத்தான் என்பது பரவலான கதை. மகளைப் பறிகொடுத்த துயரத்தில் இருந்த விளைச்சல் தெய்வம் டெமிட்டர் கவனிக்காமல் ஒரு தோளைத் தின்றுவிட, பையனை உயிர்ப்பித்தபோது தந்தத்தில் தோள் செய்து பொருத்தினார்களாம். பிண்டார் என்ற கவிஞருக்கு இது பொறுக்கவில்லை. தேவர்களை நரமாமிசம் தின்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன் என்று மறுத்து, தேவர்களின் அமுதைத் திருடித் தன் கூட்டாளிகளுக்கு ஊற்றியதே குற்றம் என்று பாடினார். புராணத்தைப் புராணத்துக்குள் நின்றே மறுத்த அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

டான்டலஸின் கதையைக் கானல் நீரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கானல் நீர் பொய், டான்டலஸின் தண்ணீர் நிஜம். ‘கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை’ என்ற நம் பழமொழி ரொம்பப் பக்கத்தில் வருகிறது. ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்பது பொருந்தாது, அது ஆசைப்பட்டவனைக் குறை சொல்கிறது. ஆனால் அதே முடவனைக் குறுந்தொகை 60-ஆம் பாட்டில் பரணர் எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? மலையுச்சித் தேன்கூட்டைக் கீழே உட்கார்ந்தபடி சுட்டிக்காட்டி, குவித்த வெறுங்கையை நக்கிக்கொள்கிறான். அதைப்போல, காதலர் அன்பு காட்டாவிட்டாலும் பலமுறை பார்ப்பதே உள்ளத்துக்கு இனிது என்கிறாள் தலைவி. கிரேக்கனுக்குத் தண்டனையாக இருக்கும் பார்வை இவளுக்கு இன்பமாக இருக்கிறது. தமிழ் மாணவி ஒருவர் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் போகக் கூடாது.

சொல் அப்புறம் வேதியியலுக்குள் போனது. 1802-இல் ஸ்வீடனில் ஆண்டர்ஸ் ஏகபெரி ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். அதன் ஆக்சைடு அமிலத்துக்குள்ளேயே கிடந்தும் அமிலத்தை ஏற்கவில்லை. தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாதவன் நினைவுக்கு வர, டான்டலம் என்று பெயர் வைத்தார். 1840-களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஹைன்ரிச் ரோஸ், டான்டலஸின் மகள் நயோபியின் பெயரில் நயோபியம் என்றும், மகன் பெலோப்ஸின் பெயரில் பெலோப்பியம் என்றும் இரண்டு தனிமங்களை அறிவித்தார். மகள் நிலைத்தாள். பெலோப்பியம் தனித் தனிமமே அல்ல என்று பிறகு தெரிந்துவிட்டது.

அந்த டான்டலம் இன்று செல்போன், மடிக்கணினிகளின் மின்தேக்கிகளில் இருக்கிறது. அதன் தாதுவான கோல்டான் கணிசமாகக் கிடைப்பது கிழக்கு காங்கோவில். வடக்கு கிவு மாகாணத்தின் ருபாயாவில் மனிதர்கள் மண்வெட்டியால் குழி தோண்டி அதை எடுக்கிறார்கள். ஆயுதக் குழுக்கள் அதில் வரி பிடுங்குகின்றன. 2024-இல் எம்23 என்ற கிளர்ச்சிக் குழு அந்த ஊரையே பிடித்துக்கொண்டது. அமெரிக்கா 2010-இல் போட்ட சட்டம், டான்டலம், தகரம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவை அந்தப் பகுதியிலிருந்து வந்தவையா என்று விசாரித்து அறிக்கை தரும்படி நிறுவனங்களைக் கேட்கிறது. தோண்டியவனுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று அது கேட்கவில்லை. கையில் தாதுவைக் கழுவிக்கொண்டு வறுமையில் நிற்கிறானே, இந்தச் சொல்லுக்கு அவனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரி, உங்கள் தேர்வுக்கு: காசு கொடுத்தால் கிடைக்கும் பிரியாணிக்கு ‘டெம்ப்டிங்’ என்று எழுதுங்கள். விளம்பரக்காரர்கள் அதற்கும் ‘டான்டலைஸிங்’ போடுகிறார்கள், வழக்கில் நுழைந்தும் விட்டது, ஆனால் நான் போட மாட்டேன். அறிவிப்பு மட்டும் வந்து நியமனம் வராமலே இருக்கும் வேலைக்கு ‘டான்டலைஸிங்’ போடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘டான்டலைஸ்’ பிரிட்டிஷ் முறையில் எஸ், அமெரிக்க முறையில் இசட். எதை எடுத்தாலும் விடைத்தாள் முழுக்க அதையே எழுதுங்கள்.