கிரேட் டேன் நாய்களின் நிறமும் மரபணுவும்: கேள்வி பதில்

கிரேட் டேன் வளர்ப்போரிடமிருந்து வந்த கேள்விகளில் நிறம் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளில் பலர் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வெள்ளை உடலில் கறுப்புத் திட்டுகள் கொண்ட ஹார்லிக்வின் வகையை நெடுங்காலமாக வளர்த்துவருபவன் நான்; அந்த வகை பற்றிய பதில்கள் சற்று நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த இனத்தில் ஏழு நிறங்கள் சொல்கிறார்கள். அப்படியானால் நிறத்துக்கு ஏழு மரபணுக்கள் இருக்கின்றனவா?

பதில்: நிறத்துக்கு ஒரு மரபணு என்று கணக்கிட்டால் தொடக்கத்திலேயே குழப்பம் வந்துவிடும். நாயின் மயிரில் இருப்பவை இரண்டே நிறமிகள்: கறுப்பு தரும் யூமெலனின், மஞ்சள் முதல் செம்மை வரை தரும் ஃபியோமெலனின். எந்த நிறமி எங்கே படிய வேண்டும், எவ்வளவு அடர்த்தியாகப் படிய வேண்டும், எங்கே படியவே கூடாது என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செயல்படுகின்றன. ஃபான் எனப்படும் பொன்மஞ்சள் நிறத்தை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கறுப்பு வரிகள் ஓடினால் பிரிண்டில். உடல் முழுவதும் யூமெலனினே படிந்தால் கறுப்பு. அந்தக் கறுப்பு நீர்த்தால் நீலம். பெயர்தான் நீலமே தவிர, கண்ணுக்குத் தெரிவது ஈயச் சாம்பல். கறுப்பின் குறுக்கே கழுத்து, மார்பு, கால்கள், வால் நுனி ஆகிய இடங்களில் வெள்ளை வந்தால் மேன்டில். கறுப்பு திட்டுத்திட்டாகக் கரைந்து சாம்பலானால் மெர்ல். அந்தச் சாம்பலும் அழிந்து வெள்ளையானால் ஹார்லிக்வின்.

கேள்வி: என் பெட்டையும் இணை சேர்த்த ஆண் நாயும் ஃபான். குட்டிகளில் ஒன்று மட்டும் பிரிண்டிலாகப் பிறந்திருக்கிறது. பாட்டனார் பிரிண்டில் என்பதால் இப்படி வந்திருக்குமா?

பதில்: வராது. மரபியலாளர்கள் கே என்று குறிக்கும் மரபணு இடத்தில் மூன்று வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு நாயிடமும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் இருக்கும். முழுக் கறுப்பு தருவது மற்ற இரண்டையும் மேலோங்கும். பிரிண்டில் அடுத்த நிலை. ஃபானுக்கு வழிவிடும் வடிவம் கடைசி நிலை. ஆகவே ஃபானாகத் தெரியும் நாயிடம் அந்தக் கடைசி வடிவத்தின் இரண்டு பிரதிகள் மட்டுமே இருக்க முடியும். பிரிண்டிலை ஒளித்துவைக்க அதனிடம் இடமில்லை. இரண்டு பிரிண்டில்களுக்கு ஃபான் குட்டி பிறக்கலாம். இரண்டு ஃபான்களுக்கு பிரிண்டில் பிறக்காது.

தந்தையைச் சந்தேகிப்பதற்கு முன் பெற்றோர் இருவரையும் வெயிலில் நிறுத்தித் தொடையின் பின்புறத்திலும் விலாவிலும் மயிரை எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். மூன்று நான்கு மெல்லிய வரிகள் மட்டுமே உள்ள பிரிண்டில் நாய், பதிவுத்தாளில் ஃபான் என்று எழுதப்பட்டிருப்பதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். வரி எதுவும் தென்படாவிட்டால் தந்தைவழியை உறுதிசெய்யும் மரபணுச் சோதனைதான் வழி.

கேள்வி: இரண்டு கறுப்பு நாய்களுக்கு நீலக் குட்டி பிறக்குமா?

பதில்: பிறக்கும். நீர்த்தல் ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதிகளும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். எம்எல்பிஎச் என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றம் நிறமித் துகள்களை மயிரில் சீராகப் பரவவிடாமல் கொத்தாக்கிவிடுகிறது. அதனால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பிரதியைச் சுமந்தால் நான்கில் ஒரு குட்டி நீலமாகலாம். நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் அனைத்தும் நீர்த்தவையாகவே பிறக்கும்.

கேள்வி: நல்ல தெளிவான திட்டுகள் கொண்ட இரண்டு ஹார்லிக்வின்களை இணை சேர்த்தோம். பிறந்தவை ஆறு குட்டிகள்தாம். அவற்றில் இரண்டு மட்டுமே ஹார்லிக்வின், ஒன்று ஏறக்குறைய முழு வெள்ளை, இரண்டு கறுப்பு, ஒன்று மெர்ல். எங்கள் இரத்தவழியில் குறை இருக்கிறதா?

பதில்: உங்கள் இரத்தவழியில் எந்தக் குறையும் இல்லை. கணக்கு சொன்னபடிதான் குட்டிகள் பிறந்திருக்கின்றன.

ஹார்லிக்வினுக்கு இரண்டு தனித்தனி மாற்றங்கள் ஒரே நாயில் சேர வேண்டும். முதலாவது மெர்ல். பிஎம்இஎல் என்ற மரபணுவுக்குள், தன்னைத்தானே நகலெடுத்துப் புகுந்துகொள்ளும் ஒரு டிஎன்ஏ துண்டு செருகப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். இது 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இரண்டாவது, பிஎஸ்எம்பி7 என்ற மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்து மாற்றம். இது 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்த மரபணு, செல்லுக்குள் பழைய புரதங்களை வெட்டி அகற்றும் இயந்திரத்தின் ஓர் உறுப்பை உருவாக்குவது. மெர்ல் நாயில் இம்மாற்றத்தின் ஒரு பிரதி வந்து சேர்ந்தால், சாம்பல் பகுதி வெளுத்துப்போகும்; கறுப்புத் திட்டுகள் கிழித்தெடுத்த துணியைப் போன்ற ஓரத்தோடு அப்படியே நிற்கும். மெர்ல் இல்லாத நாயில் இதே மாற்றம் இருந்தாலும் அதை ஹார்லிக்வினாக்குவதற்கு அழிக்கப்பட வேண்டிய சாம்பலே இராது. இரண்டு பிரதிகள் சேர்ந்தாலோ, கரு கருப்பைக்குள்ளேயே இறந்துவிடுகிறது. எனவே உயிரோடு நடமாடும் ஹார்லிக்வின் ஒவ்வொன்றும் அந்த மாற்றத்தின் ஒரே ஒரு பிரதியைத்தான் சுமக்கிறது. தன் நிறத்தையே எல்லாக் குட்டிகளுக்கும் தரும் ஹார்லிக்வினை எவராலும் உருவாக்க முடியாது.

இப்போது உங்கள் ஈற்றுக்கு வருவோம். உங்கள் நாய்கள் இரண்டிலும் ஒவ்வொரு மெர்ல் பிரதி இருப்பதாகக் கொண்டால், சராசரியில் 16 கருக்கள் உண்டானால் 4 கருக்கள் இறந்துவிடும். மீதமுள்ள 12இல் 4 ஹார்லிக்வின், 2 மெர்ல், 3 கறுப்பு அல்லது மேன்டில், 3 இரட்டை மெர்ல், அதாவது மெர்லின் இரண்டு பிரதிகளும் உள்ளவை. உங்கள் வெள்ளைக் குட்டி அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. ஆறே குட்டிகளில் இந்த விகிதம் இவ்வளவு நெருக்கமாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் ஈற்று சிறுத்ததற்குக் கரு இழப்பும் காரணமாக இருக்கக்கூடும்.

கேள்வி: அந்த வெள்ளைக் குட்டி கட்டாயம் செவிடாகத்தான் இருக்குமா? பார்ப்பதற்கு நலமாகவே இருக்கிறது.

பதில்: கட்டாயமில்லை, ஆனால் ஆபத்து மெய்யானது. பல இனங்களைச் சேர்ந்த 153 மெர்ல் நாய்களைச் சோதித்து 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஒரு பிரதி உள்ளவற்றில் 2.7 விழுக்காடு ஒரு காதிலும் 0.9 விழுக்காடு இரு காதிலும் கேட்கும் திறனற்றவை; இரு பிரதி உள்ளவற்றில் அது முறையே 10, 15 விழுக்காடு. காரணம் நிறமியோடு நேரடியாகத் தொடர்புடையது. உட்செவியின் இரத்தநாளப் பட்டைக்கு நிறமிச் செல்கள் தேவை. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் சிதைகின்றன. கண்கள் சிறுத்துப் பிறப்பதும் இவ்வகைக் குட்டிகளிடம் காணப்படுவதுண்டு.

நலமாகத் தோன்றுவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் முன்பு இருந்த ஒரு வெள்ளைக் குட்டி மற்றக் குட்டிகளோடு ஓடியது, கடித்து விளையாடியது, சோற்றுத் தட்டுக்கு முதலாளாக வந்தது. ஐந்தாம் வாரத்தில் எல்லாம் குவியலாக உறங்கிக்கொண்டிருந்தபோது தட்டைத் தரையில் தட்டினேன். மற்றவை சிதறி எழுந்து ஓடின. தன்மேல் கிடந்த உடல் விலகி வெப்பம் குறைந்த பிறகுதான் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. அதுவரை அது மற்றவற்றைப் பார்த்தே நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. கைதட்டிப் பார்ப்பதும் போதாது. காற்றசைவையும் தரையதிர்வையும் குட்டி உணர்ந்துவிடும். மூளைத்தண்டின் மின் எதிர்வினையை அளக்கும் பேயர் சோதனையை ஐந்து வார வயதிலிருந்து செய்யலாம். ஒரு காது மட்டும் கேளாதிருப்பதை உறுதியாகக் காட்டுவது அதுதான்.

கேள்வி: ஹார்லிக்வினை ஹார்லிக்வினோடு சேர்க்காவிட்டால் ஹார்லிக்வின் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடாதா? மேன்டிலோடு சேர்த்தால் பாதிக் குட்டிகள் கறுப்பாகத்தானே பிறக்கும்?

பதில்: இந்த எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது, எண்ணிப் பார்த்தால் நிற்காது. ஹார்லிக்வினும் ஹார்லிக்வினும் சேர்ந்தால் 16 கருக்களில் 4 ஹார்லிக்வின் என்று மேலே கண்டோம். ஹார்லிக்வினும் சாதாரண மேன்டிலும் சேர்ந்தால் 16இல் 4 ஹார்லிக்வின், 4 மெர்ல், 8 கறுப்பு அல்லது மேன்டில். எந்தக் கருவும் இந்தக் காரணத்தால் இறப்பதில்லை, இரட்டை மெர்லும் பிறப்பதில்லை. ஹார்லிக்வின் மாற்றத்தை மறைவாகச் சுமக்கும் மேன்டிலோடு சேர்த்தாலும் அதே 4 தான். ஆனால் 4 கருக்கள் இழப்பாகும். மெர்ல் ஒன்றை, அந்த மாற்றத்தை மறைவாகச் சுமக்கும் மேன்டிலோடு சேர்த்தால், பெற்றோரில் ஒன்றுகூட ஹார்லிக்வினாக இல்லாமலேயே 16இல் 4 ஹார்லிக்வின் பிறக்கும். அங்கும் கரு இழப்பில்லை. எந்தப் பாதையில் சென்றாலும் கையில் கிடைப்பது அதே நான்கு என்றால், இறந்த கருக்களையும் செவிட்டுக் குட்டிகளையும் கூடுதலாக வாங்கிவரும் பாதையைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

கேள்வி: மெர்ல் குட்டியை நிறக்குறை என்று ஒதுக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நெடுங்காலம் கண்காட்சி வளையத்தில் அது தகுதியிழப்புக்குரிய நிறமாக இருந்தது உண்மை. அமெரிக்க கென்னல் கிளப்பின் விதிகள் பின்னர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஹார்லிக்வின் ஈற்றில் மெர்ல் பிறப்பது தவிர்க்க முடியாதது. மேலே சொன்ன கணக்கில் அதற்குப் பயனும் உண்டு.

கேள்வி: என் ஃபான் நாயின் கறுப்பு முகமூடியில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் கறை போல் இருக்கிறது. உடலில் வேறு எந்த மாற்றமும் இல்லை.

பதில்: அந்த நாயை இணை சேர்ப்பதற்கு முன் மெர்ல் சோதனை செய்துவிடுங்கள். மெர்ல் கரைப்பது பெரும்பாலும் யூமெலனினைத்தான். ஃபான் உடலில் அதற்கு வேலை குறைவு. முகமூடியும் காதுகளும் மட்டுமே அது தன்னைக் காட்டிக்கொள்ளும் இடங்கள். இதைத் தவிர, கறுப்பு நாயிலும் மெர்ல் ஒளிந்திருக்க முடியும். செருகப்பட்ட துண்டின் வால் பகுதி நீளமாக இருந்தால் கரைவு மிகுதி; குறுகியிருந்தால் நாய் வெறும் கறுப்பாகவே தோன்றும். அந்த வாலின் நீளம் தலைமுறை மாறும்போது மாறக்கூடியது என்பதால், உண்டு அல்லது இல்லை என்று மட்டும் பதில் தரும் சோதனையைவிட நீளத்தையும் அளந்து சொல்லும் சோதனையே நல்லது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்த மாதிரி போதும்.

கேள்வி: பெற்றோர் இருவருக்கும் வெள்ளையே இல்லை. குட்டியின் மார்பிலும் கால்விரல்களிலும் வெள்ளை வந்தது எப்படி?

பதில்: கருவில் நிறமிச் செல்கள் முதுகுப் பக்கத்தில் தோன்றி இருபுறமும் கீழ்நோக்கி நகர்ந்து பரவுகின்றன. மார்பின் நடுவும் விரல் நுனிகளும் அவை கடைசியாகச் சென்றடையும் இடங்கள். சிறிது தாமதித்தாலும் அங்கே வெள்ளை தங்கிவிடும். மேன்டிலின் பெரிய வெள்ளைக்கு மரபு வலுவான காரணம். ஒரு விரல்நகம் அளவு வெள்ளைக்கு அதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

கேள்வி: நீல நாய்களுக்கு மயிர் உதிர்ந்துவிடும் என்கிறார்களே?

பதில்: நீர்த்த நிறத்தோடு வரும் மயிருதிர்வு நோய் உண்மையானது; நீல டாபர்மேன்களிடம் அது அடிக்கடி காணப்படுகிறது. ஆனால் வைமரானர் இனம் முழுவதுமே நீர்த்த நிறம் கொண்டது. அங்கே அந்த நோய் அப்படிப் பரவியிருக்கவில்லை. ஆகவே நிறம் மட்டும் அதற்குப் போதிய காரணமாகாது. வாங்கப்போகும் குட்டியைவிட அதன் பெற்றோரின் முதுகையும் விலாவையும் தடவிப் பார்ப்பது அதிகம் பயன் தரும்.

கேள்வி: ஃபான் என்று சொல்லிக் கொடுத்த எட்டு வாரக் குட்டி கரி பூசியது போல் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஃபான் குட்டிகள் மயிர் நுனியில் கறுப்போடு பிறந்து, வளர வளரத் தெளிகின்றன. மூக்கின் பாலத்தையும் காதின் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே மயிரின் வேர் பொன்னிறமாக இருந்தால் மேலே உள்ள கருமை வளர வளரக் குறைந்துவிடும்.