கணக்கு கேட்டதற்கு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: வேளச்சேரியில் 84 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த ஃபிளாட்டில் வசிக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் உரிமையாளர்கள் சங்கம் சொசைட்டியாகப் பதிவு செய்யப்பட்டது. இரண்டு வருடங்களாகப் பொதுக்குழு கூடவே இல்லை. எந்த முடிவானாலும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 3 ரூபாயிலிருந்து 4.25 ஆனதும் அப்படித்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுது பார்க்க கார்ப்பஸ் நிதியை (பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைத்த பொது நிதியை) எடுத்திருக்கிறார்கள். கணக்கு கேட்டேன், பதில் இல்லை. கோபத்தில் "யார் சாப்பிட்டது இந்தப் பணத்தை?" என்று எழுதிவிட்டேன். உடனே செயலாளர் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டு, அவதூறு வழக்குப் போடுவேன் என்கிறார். மறுபடி சேர்க்கச் சொல்லி நான் வழக்குப் போட முடியுமா? உயர்த்திய தொகையைக் கட்ட வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தவறான இடத்தில் செலவு செய்கிறீர்கள். குரூப்பில் இருப்பது சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை அல்ல. அதில் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் போனால் ஆண்டுகள் ஓடும், பலன் இருக்காது. பொதுக்குழுவுக்கு முறையான அழைப்பு, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு ஆகிய மூன்றும்தான் உங்கள் உரிமை. குரூப்பை மறந்துவிட்டு இவற்றைக் கேளுங்கள். இவை கையில் வந்தால், நீங்கள் எழுப்பிய கேள்விகளில் பாதிக்கு அப்போதே விடை கிடைத்துவிடும்.

உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் வருகிறது. அந்தச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும், பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வருடம் கூட்டமே நடத்தவில்லை என்றால் அது நிர்வாகக் குழுவின் தவறு. உங்கள் மெசேஜின் தொனி எப்படி இருந்திருந்தாலும் இந்தத் தவறு மறைந்துவிடாது.

முதல் வேலை, பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளைத் தேடி எடுங்கள். ஃபிளாட் வாங்கியபோது கொடுத்த கோப்பில் இருக்கலாம். இல்லாவிட்டால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நகல் வாங்கிக்கொள்ளலாம். அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கூட்ட நோட்டீஸை எத்தனை நாள் முன்னதாக, எந்த வழியில் அனுப்ப வேண்டும்? பராமரிப்புக் கட்டணத்தை நிர்ணயிப்பது நிர்வாகக் குழுவா, பொதுக்குழுவா? கார்ப்பஸ் நிதியைத் தொட யார் அனுமதி வேண்டும்? சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்ல எத்தனை உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும்? நான் பார்த்த பைலாக்களில் அன்றாடச் செலவு நிர்வாகக் குழுவின் கையில் இருக்கும், ஆண்டு பட்ஜெட்டும் கார்ப்பஸும் பொதுக்குழுவின் கையில் இருக்கும். உங்களுடையதும் அப்படி இருந்தால், பொதுக்குழு ஒப்புதல் இல்லாத இந்த உயர்வு கேள்விக்குரியதுதான்.

அதற்காகக் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பாக்கி வைத்தவருக்கு ஓட்டு கிடையாது என்று பல பைலாக்களில் ஒரு விதி இருக்கும். நியாயம் கேட்கக் கூட்டத்துக்குப் போகிற அன்று, "நீங்கள் பாக்கிக்காரர்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். முழுத் தொகையையும் கட்டுங்கள். கூடவே "உயர்த்தப்பட்ட பகுதியை ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், பொதுக்குழு முடிவுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவதூறு. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அதைக் குற்றமாக வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், சமூக சேவை என்று தண்டனை உண்டு. கணக்கு கேட்பது அவதூறு ஆகாது. சங்கத்தின் பணம் உங்களுடைய பணமும்தான், அதைப் பற்றி நல்லெண்ணத்தோடு கேள்வி கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் "யார் சாப்பிட்டது" என்ற வார்த்தை, ஆதாரம் இல்லாமல் திருட்டுப் பட்டம் கட்டுவதுபோல் படிக்கப்படலாம். நீங்கள் யார் பெயரையும் சொல்லாததால் வழக்கு நிற்பது கடினம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், "என் வார்த்தை யாரையும் தனிப்பட்ட முறையில் குறிப்பிட்டதல்ல, கணக்கு கேட்பதே நோக்கம்" என்று இரண்டு வரி செயலாளருக்கு எழுதிவிடுங்கள். அதனால் நீங்கள் தாழ்ந்துவிட மாட்டீர்கள். அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதமும் போய்விடும். குரூப்பில் வந்த பழைய மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் காட்ட நேர்ந்தால், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். ஃபோனை மாற்றுவதாக இருந்தாலும் பழையதைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். நீளமாக வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"தலைவர், செயலாளர் அவர்களுக்கு: நான் மேற்படி ஃபிளாட்டின் உரிமையாளர், சங்க உறுப்பினர். கடந்த இரண்டு நிதியாண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கையும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையப் பணிக்கான கொட்டேஷன், பில், பணம் செலுத்திய விவரங்களையும், கட்டண உயர்வை முடிவு செய்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் பார்வையிட விரும்புகிறேன். 15 நாட்களுக்குள் உங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆண்டுப் பொதுக்குழுவுக்கான தேதியையும் அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வீட்டு வாசலில் நின்று கொடுக்காதீர்கள், பேச்சு வளரும்.

பதில் வராவிட்டால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு) போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நேரடியாகச் சங்கத்திடம் போட முடியாது. கேரளத்தின் ஒரு கூட்டுறவு வங்கி தொடர்பான வழக்கில், அரசின் கட்டுப்பாட்டிலோ கணிசமான நிதியிலோ இயங்காத சங்கங்கள் ஆர்டிஐக்குக் கட்டுப்பட்ட பொது அதிகார அமைப்பு ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பதிவாளர் அலுவலகம் அரசு அலுவலகம். உங்கள் சங்கம் அங்கே என்னென்ன தாக்கல் செய்திருக்கிறது, எந்த ஆண்டுக் கணக்கு வரவில்லை என்பதை அந்த அலுவலகத்திடம் ஆர்டிஐ மூலம் கேட்கலாம். கணக்கு தாக்கலே ஆகவில்லை என்று எழுத்தில் பதில் வந்தால், பொதுக்குழுவில் அதைவிட வலுவான ஆதாரம் உங்களுக்குத் தேவைப்படாது.

அதற்கு அடுத்த படி, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் விண்ணப்பித்தால் சங்கத்தின் நிர்வாகம், நிதி நிலை பற்றிப் பதிவாளர் விசாரிக்கலாம். 84 வீட்டுக்கும் ஒவ்வொரு உறுப்பினர் என்று வைத்தால் 28 கையெழுத்து. பதிவாளர் சிவில் நீதிமன்றம் அல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உரிமைத் தகராறை அவர் தீர்த்து வைக்க மாட்டார், கட்டணம் செல்லுமா செல்லாதா என்பதற்குக் கடைசியில் சிவில் வழக்குதான் வழி. வழக்குக்கு முன்னால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். செலவில்லாமல் இரண்டு தரப்பையும் அழைத்துப் பேச வைப்பார்கள். நாளைக்கும் அதே லிஃப்டில் அதே முகங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழக்கைவிட அது நல்லது.

இந்தப் பதிலைச் செயலாளரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐயா, நீங்கள் சம்பளம் இல்லாமல் உழைக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி தண்ணீரில் நின்ற நாட்களில், இப்படிப்பட்ட சங்கங்களின் குரூப்கள்தான் பலருக்குப் பாலும் குடிநீரும் கிடைக்க வழி செய்தன. அவசரச் செய்திக்கு வாட்ஸ்அப் மிக நல்ல கருவி. முடிவெடுக்கவும் கணக்குக் காட்டவும் அது உதவாது. ஸ்மார்ட்ஃபோன் வைத்திராத முதியவருக்கும், நம்பர் மாற்றிய வெளிநாட்டு உரிமையாளருக்கும் உங்கள் மெசேஜ் போய்ச் சேரவே இல்லை. மின்னணு ஆவணத்தை எழுத்தாக ஏற்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இடம் தருகிறது, சரி. ஆனால் பைலா தபால் என்றோ நேரில் என்றோ சொல்லியிருந்தால் அந்த வழியில் போகாத நோட்டீஸ் ஆட்டம் காணும். மின்னஞ்சலையும் சேர்க்க விரும்பினால் சிறப்புத் தீர்மானம் போட்டு பைலாவைத் திருத்திப் பதிவு செய்யுங்கள்.

கருத்துச் சண்டை நடக்கும் குரூப் ஒன்று, அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குரூப் ஒன்று என்று பிரித்துவிடுங்கள். இரண்டாவதிலிருந்து எந்த உரிமையாளரையும் நீக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஒரே பக்கத்தில் வரவு, செலவு, வங்கி இருப்பை எழுதி லிஃப்ட் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள். பெரிய வேலைக்கு வாங்கிய கொட்டேஷன்களையும், ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து ஒட்டினால், சந்தேகம் முளைக்கவே இடம் இருக்காது. பாக்கி வைத்தவர் பெயரைப் பலகையில் எழுதி அவமானப்படுத்துவதும் தண்ணீரை நிறுத்துவதும் வேண்டாம். பாக்கியை வசூலிக்க நோட்டீஸ் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. தண்ணீர் வராத நாள், மின்தடை போன்ற செய்திகள் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் நேரடியாகப் போகட்டும். அவர்கள் உறுப்பினர்கள் இல்லைதான், ஆனால் குடம் பிடித்து நிற்பவர்கள் அவர்கள்தானே.

பொதுக்குழு கூடும்போது இன்னொரு பொருளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள் அம்மா. 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உங்கள் சங்கம் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கையெழுத்து திரட்டத் தொடங்கினால், தாளில் கோரிக்கையை முதலில் முழுதாக எழுதிவிட்டு, அதன் கீழேயே கையெழுத்து வாங்குங்கள். பெயர், ஃபிளாட் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஃபிளாட் இருந்தால், பைலாவின்படி உறுப்பினர் யாரோ அவர் கையெழுத்துதான் கணக்கில் வரும். குறைந்தது ஐந்தாறு கையெழுத்து கூடுதலாக வாங்கி வையுங்கள், ஒன்றிரண்டு செல்லாமல் போனாலும் எண்ணிக்கை குறையாது.