1400–1600 ரேட்டிங்கில் இருப்பவர் தனக்கான செஸ் ஓப்பனிங்குகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஓப்பனிங்கின் (ஆட்டத் தொடக்க நகர்வு வரிசையின்) பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். பன்னிரண்டு நகர்வு தாண்டியதும் பலகையில் சிப்பாய்கள் எப்படி நிற்கும் என்பதைப் பார்த்து எடுங்கள். இந்த ரேட்டிங்கில் எதிராளி பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது நகர்விலேயே நீங்கள் படித்த வரிசையை விட்டு விலகிவிடுவார். மனப்பாடம் அங்கேயே முடிந்துபோகும். சிப்பாய் அமைப்பு மட்டும் இன்னும் வெகுநேரம் அப்படியே கிடக்கும். அந்த அமைப்பில் எந்தக் காய்க்கு எந்தக் கட்டம், எந்தச் சிப்பாயை எப்போது தள்ளுவது என்று தெரிந்தவர் தடுமாற மாட்டார்.

தேவை மூன்றுதான்: வெள்ளையில் ஒரு முதல் நகர்வு, கறுப்பில் இ4-க்கு (வெள்ளை ராஜாவின் முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஒரு பதில், டி4-க்கு (ராணியின் முன் சிப்பாயை அப்படித் தள்ளுவது) ஒரு பதில். பலர் சறுக்குவது இவற்றைச் சேர்க்கும் விதத்தில். இ4-க்கு சிசிலியன் டிராகன், டி4-க்கு டச்சு, வெள்ளையில் லண்டன் என்று எடுத்தால் ஒன்றில் கற்றது இன்னொன்றுக்கு உதவாது. மூன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கும், மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

கறுப்பில் இ4-க்கு காரோ-கான், டி4-க்கு ஸ்லாவ் என்று இரண்டையும் சேர்த்து எடுப்பதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டிலும் சி6, டி5 சிப்பாய்கள்தான் அடித்தளம். வெள்ளைக் கட்ட மந்திரியை வெளியே கொண்டுவந்துவிட்டு இ6 ஆடுவது இரண்டிலும் முக்கியமான எண்ணம். யாராவது 1. சி4 என்று தொடங்கினாலும் பயமில்லை, சி6 ஆடுங்கள். 2. இ4 டி5 என்றால் காரோ-கான் வழிக்கு வரும், 2. டி4 டி5 என்றால் ஸ்லாவ். வெள்ளையில் லண்டன் ஆடினால் சி3, டி4, இ3, எஃப்4-இல் மந்திரி என்று இதே எலும்புக்கூடு கண்ணாடியில் தெரிவதுபோல் வரும். ஆனால் லண்டனிலும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கக் கூடாது. கறுப்பு ஜி6 ஆடிவிட்டால் டி3-இல் நிற்கும் மந்திரி சுவரில் முட்டும், இ2 போதும். கறுப்புக் குதிரை எச்5-க்கு வந்து உங்கள் எஃப்4 மந்திரியைத் துரத்தும் என்பதால், எச்3 ஆடி அது ஒதுங்க எச்2-ஐத் திறந்து வையுங்கள்.

ஒரே குடும்பத்தில் எடுப்பதில் ஒரு ஆபத்து உண்டு: ஒன்றின் பழக்கம் கை தவறி இன்னொன்றில் நுழைந்துவிடும். ஸ்லாவில் இதைப் பாருங்கள். 1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3. காரோ-கான் பழக்கத்தில் இங்கே மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுபோகத் தோன்றும். உடனே 5. சிப்பாய் டி5-ஐ வெட்டும், சி6 சிப்பாய் திருப்பி வெட்டும், 6. ராணி பி3. மந்திரி சி8-ஐ விட்டு வெளியேறியதால் பி7 சிப்பாய்க்குக் காவல் இல்லை. ராணியை பி6-க்குக் கொண்டுவந்து காப்பாற்றப் பார்த்தால் 7. குதிரை டி5-ஐ வெட்டும். நீங்கள் ராணியை வெட்டினால், அந்தக் குதிரை செக்குடன் எஃப்6 குதிரையை வெட்டிவிடும், நீங்கள் அதைத் திருப்பி வெட்டியதும் ஏ2 சிப்பாய் உங்கள் ராணியை எடுக்கும். கணக்குப் போட்டால் ஒரு சிப்பாய் நஷ்டம். அதனால்தான் கறுப்பில் ஆடுபவர்கள் நான்காவது நகர்வில் முதலில் டி5 சிப்பாயால் சி4-ஐ வெட்டுகிறார்கள். நீங்கள் பி5 ஆடி அந்தச் சிப்பாயைத் தக்கவைக்காமல் இருக்க வெள்ளை 5. ஏ4 ஆடும், அப்புறம்தான் மந்திரி எஃப்5. இந்தக் காரணம் புரிந்துவிட்டால் வரிசையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

காரோ-கானிலும் இப்படி ஒரு இடம் உண்டு. 1. இ4 சி6 2. டி4 டி5 3. இ5 மந்திரி எஃப்5 4. எச்4. இங்கே வழக்கம்போல் இ6 ஆடினால் மந்திரி போய்விடும்: 5. ஜி4 மந்திரி இ4 6. எஃப்3 மந்திரி ஜி6 7. எச்5. திரும்பிப் போக வழியில்லை, கிடைப்பது அதிகபட்சம் ஒரு சிப்பாய். எளிய பதில் 4... எச்5 (மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்வு).

திறந்த ஆட்டம் பிடிக்கும், தாக்க வேண்டும் என்பவருக்கு இந்தக் குடும்பம் ஒத்துவராது. அவர் வெள்ளையில் 1. இ4 ஆடி, டி4-இல் தனிச் சிப்பாய் (இருபக்க வரிசையிலும் துணைச் சிப்பாய் இல்லாதது) நிற்கும் அமைப்பைத் தன் வீடாக்கிக்கொள்ளலாம். சிசிலியனுக்கு 2. சி3, காரோ-கானுக்கு டி5-இல் வெட்டிவிட்டு 4. சி4, பிரெஞ்சுக்கும் அதேபோல் வெட்டிவிட்டு 4. சி4. இ5-க்கு இத்தாலியன்: மந்திரி சி4, பிறகு சி3, டி4. நடுவில் சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, கறுப்பு டி5 என்று உடைக்கும்போது அங்கேயும் தனிச் சிப்பாய்தான் வரும். நான்கிலும் எல்லா வழிகளும் அங்கே போய் முடியாது, ஆனாலும் அடிக்கடி வரும். வந்தால் வேலை ஒன்றுதான்: குதிரையை இ5-இல் நிறுத்து, யானைகளை டி1, இ1-க்குக் கொண்டுவா, டி5 தள்ளும் நேரத்துக்குக் காத்திரு. காய்களை அநாவசியமாக மாற்றிக்கொள்ளாதே, காய்கள் குறையக் குறைய அந்தச் சிப்பாய் பாரமாகும்.

எடுத்த பிறகு, லிசெஸ் என்ற செஸ் தளத்தில் ஒரு ஸ்டடி (நகர்வுகளைச் சேமித்து வைக்கும் குறிப்பேடு) திறந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு அத்தியாயம் போடுங்கள். ஆரம்பத்தில் எட்டு நகர்வு ஆழம் போதும். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் திட்டத்தை ஒரே வரியில் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தக் கிளை இன்னும் புரியவில்லை. எதிராளி என்ன ஆடுவார் என்று பார்க்க மாஸ்டர்கள் தரவை மட்டும் நம்பாதீர்கள். அங்கே அபூர்வமாக இருக்கும் நகர்வு உங்கள் ரேட்டிங்கில் அன்றாடம் வரலாம். அந்தத் தளத்தின் எக்ஸ்ப்ளோரரில் (எந்த நகர்வு எத்தனை முறை ஆடப்பட்டது என்று காட்டும் பகுதி) உங்கள் ரேட்டிங் வரம்பைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். எஞ்சின் (நிலையை மதிப்பிடும் கணினி நிரல்) 0.3 சிப்பாய் அளவு வித்தியாசம் காட்டுகிறது என்பதற்காக, புரிந்து ஆடும் நகர்வை மாற்ற வேண்டாம்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும், படித்ததை விட்டு முதலில் விலகியது யார், எந்த நகர்வில் என்று மட்டும் பாருங்கள். அந்த ஒரு நகர்வுக்கான பதிலை ஸ்டடியில் சேருங்கள். தொகுப்பு இப்படித்தான் வளர வேண்டும், ஒரே வாரத்தில் இருநூறு வரிசை ஏற்றி அல்ல.

தோற்றதும் ஓப்பனிங்கை மாற்றத் தோன்றும். ஆட்டம் எந்த நகர்வில் கைவிட்டுப் போனது என்று முதலில் தேடுங்கள், பெரும்பாலும் அது இருபதாவது நகர்வுக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஐம்பது ஆட்டம் ஆடியும் ஒரு நிலை பிடிக்கவில்லை என்றால் அந்தக் கிளையை மட்டும் வெட்டுங்கள். காரோ-கானில் 3. இ5-க்கு எதிராக மந்திரியைக் கொண்டுவருவது சரிப்படவில்லையா, 3... சி5 ஆடிப் பாருங்கள். மற்ற கிளைகளைத் தொட வேண்டியதே இல்லை.