பைக் ஜிபிஎஸ்: திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பைக்கில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிகளைப் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே புகார் பலரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மேடுபள்ளமான சாலையில் போனால் "வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டது" என்று வருகிறது, பிறகு திரை அணைகிறது. சர்வீஸ் சென்டரில் போர்டு போய்விட்டது என்கிறார்கள். அதை மாற்றக் கேட்கும் தொகை புதுக் கருவி விலையில் பாதி.

பதில்: இப்போதைக்கு ஒரு பைசாவும் கட்டாதீர்கள். மின்சாரம் வரவில்லை என்று கருவியே சொல்கிறது. அப்படியிருக்க, முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹோல்டரையும் வயரையும்தான்.

கருவியைக் கழற்றிவிட்டு ஹோல்டரைப் பாருங்கள். சின்னச் சின்ன ஸ்பிரிங் பின்கள் வரிசையாக நிற்கும். இக்னிஷனை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தீக்குச்சியின் மரமுனையால் அழுத்தி விடுங்கள். நல்ல பின் சட்டென்று மேலே வரும். கெட்டுப்போன பின் பாதியில் சிக்கி நிற்கும், அல்லது தலை தேய்ந்து பக்கத்துப் பின்னைவிடக் குட்டையாக இருக்கும். அடுத்து, கருவியின் முதுகில் அந்தப் பின்கள் வந்து உட்காரும் தகடுகளைப் பாருங்கள். கறுப்புப் புள்ளியும் அதன் நடுவில் மெல்லிய குழியும் தெரிந்தால் விஷயம் முடிந்தது. இன்ஜின் அதிர்வில் பின் ஓயாமல் உரசி உரசி அந்த இடத்தை அரித்திருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. கருவியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். ஹோல்டருக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அதன் சொந்த பேட்டரியில் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் போர்டில் குறை இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம். வண்டியை நிறுத்திய நிலையில் ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பியும் பாருங்கள். கழுத்துப் பகுதியில் வயர் நசுங்கி உள்ளே அறுந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

எட்டு மாதம் என்றால் பெரும்பாலும் வாரண்டி இருக்கும். ஹோல்டர் அதே பெட்டியில் வந்திருந்தால் அதையும் வாரண்டியில் கேளுங்கள். "போர்டு போய்விட்டது" என்று சொன்னவரிடம் எந்தச் சோதனை செய்து கண்டுபிடித்தார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: பைக்குக்கென்று விற்கும் கருவியின் விலை அதிகமாக இருந்ததால், காருக்கானதை வாங்கிப் பாலித்தீன் கவரில் போட்டு ஓட்டினேன். வெயிலில் திரை தெரியவில்லை, கையுறையோடு தொட்டால் வேலை செய்யவில்லை, மழையில் நின்றே போய்விட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா?

பதில்: முடியாது. அவர் காருக்கானது என்று சொல்லித்தான் விற்றார்.

கேள்வி: பத்து நாள் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் வண்டி பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. ஜிபிஎஸ்ஸைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் போனேன்.

பதில்: கழற்றியது கருவியை. ஹோல்டர் வண்டியிலேயே இருந்திருக்கும். வண்டியின் 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன மின்சுற்று ஹோல்டரிலோ வயரிலோ இருக்கிறது. நேராக பேட்டரியில் இணைத்திருந்தால், கருவி இல்லாதபோதும் அது கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி பழசாக இருந்தால் பத்து நாள் போதும். இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் வயரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது இக்னிஷன் போட்டால் மட்டும் இணைப்புத் தரும் ரிலே சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் இணைத்துவிட்டுப் போன மெக்கானிக்கிடம் மறுபடி போக வேண்டாம். வயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும்.

கேள்வி: "வாட்டர்ப்ரூஃப், ஐபிஎக்ஸ்7" என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு மணி நேர மழையில் உள்ளே தண்ணீர் போய்த் திரை மங்கிவிட்டது. "தண்ணீர் புகுந்தால் வாரண்டி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது என்ன நியாயம்?

பதில்: நியாயமே இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐபிஎக்ஸ்7 என்பது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் குறியீடு. கருவியை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்தால் கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்பது அதன் பொருள். தண்ணீர் அசையாமல் நிற்கும் தண்ணீர். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்ற தனி எண்கள் இருக்கின்றன. 6-ஆம் எண்ணுக்கு நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் குழாயால் அடித்துப் பார்க்கிறார்கள். 7 வாங்கிய கருவி 6-ஐயும் தாங்கும் என்று அந்தத் தரம் சொல்லவில்லை. இரண்டையும் தாங்குவது என்றால் இரண்டு எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். வேகமாக ஓடும் பைக்கில் மழை எதிர்க்காற்றோடு முகத்தில் அறைகிறது. அந்த நிலைக்கு 7 மட்டும் போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சோதனையில் தண்ணீருக்கும் கருவிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சாலையில் நடப்பதோ வேறு. வெயிலில் கொதித்துக் கிடந்த கருவியின் மேல் திடீரென்று குளிர்ந்த மழை விழுகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, சுருங்கும்போது எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. சோதனைக்குப் போவதோ புத்தம் புதுக் கருவி. இரண்டு கோடையில் விறைத்துப்போன ரப்பர் வளையத்தை யாரும் சோதிப்பதில்லை.

நான் வாங்கிய ஒரு கருவி போனதும் இப்படித்தான். பெட்டியின் முகப்பில் ஐபிஎக்ஸ்7. சார்ஜ் வயர் செருகும் துளைக்கு ஒரு ரப்பர் மூடி. மூடியைத் திறந்தால்தான் வயர் உள்ளே போகும். "மூடி சரியாக மூடியிருந்தால் மட்டுமே நீர்ப் பாதுகாப்பு" என்ற வரி கையேட்டின் பின்பக்கங்களில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. அதாவது மழையில் சார்ஜ் செய்துகொண்டே ஓட்ட முடியாத கருவியை, பைக் பயணத்துக்கென்று விற்றிருக்கிறார்கள். தயாரித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

முன்பக்கத்தில் தண்ணீர் தாங்கும் என்று எழுதிப் பணம் வாங்குவது, பின்பக்கத்தில் தண்ணீர் புகுந்தால் பொறுப்பில்லை என்று எழுதித் தப்பிப்பது. இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. ஆகவே விடாதீர்கள். விளம்பரப் பக்கத்தையும் பெட்டியையும் படம் எடுத்து வையுங்கள். உடைசலோ விரிசலோ இல்லை என்பது தெரியும்படி கருவியை நாலு பக்கமும் படம் எடுங்கள். "தண்ணீர் தாங்கும் என்ற உறுதியை நம்பி வாங்கினேன், அந்த உறுதி பொய்த்திருக்கிறது" என்று விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் வரை போங்கள். இனி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்றைக் கேட்க வேண்டும்: வயர் செருகியிருக்கும்போது இந்தப் பாதுகாப்பு உண்டா? உண்டு என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் பெட்டியில் கிடந்த பழைய கருவியை எடுத்தேன். தேதி ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் காட்டுகிறது. அரை மணி நேரம் ஆகியும் இடம் பிடிக்கவில்லை. கடையில் "செயற்கைக்கோள் சந்தா முடிந்துவிட்டது" என்று சொல்லி ஒரு வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். ஜிபிஎஸ் சமிக்ஞைக்குச் சந்தா என்று ஒன்று உலகத்தில் எங்கும் இல்லை. அமெரிக்க அரசு அதை எல்லோருக்கும் இலவசமாகவே ஒலிபரப்புகிறது. சில கருவிகளில் வரைபடப் புதுப்பிப்புக்கோ நெரிசல் தகவலுக்கோ கட்டணம் இருக்கலாம். அது வேறு. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணி மறுபடி 0-க்கு வருகிறது. 1024 வாரம் என்றால் ஏறத்தாழ 19.6 வருடம். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். பழைய மென்பொருள் இதைத் தாங்காமல் தேதியைப் பின்னுக்குத் தள்ளிவிடும், சில கருவிகள் செயற்கைக்கோளைத் தேடுவதிலும் தடுமாறும். தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டுவிட்டு, வானம் முழுக்கத் தெரியும் இடத்தில் கருவியை அசைக்காமல் வையுங்கள். செயற்கைக்கோள்களின் மொத்த அட்டவணையும் இறங்க 12.5 நிமிடம் ஆகும். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தாலும் பயனில்லை. அப்டேட் இல்லாத மாடல் என்றால் அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: ஹேண்டில்பாரில் ஒரு யூஎஸ்பி சார்ஜர் மாட்டினேன். அதிலிருந்து ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் கொடுத்தால் இடம் தவறுகிறது, பிடுங்கினால் சரியாகிவிடுகிறது. கருவியில் கோளாறா?

பதில்: சார்ஜரில்தான். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. மலிவான சார்ஜர் 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது கிளப்பும் ரேடியோ இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். நான் ஆன்லைனில் வாங்கிய ஒன்றும் இதையே செய்தது. தூக்கிப் போட்டுவிட்டுக் கருவியோடு வந்த வயரையே திரும்ப மாட்டினேன். நீங்களும் மாட்டுங்கள்.

கேள்வி: ஒரு ஆன்லைன் தளத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். ஆன் செய்தால் நாலு இலக்க எண் கேட்கிறது. விற்றவர் போனை எடுக்கவில்லை.

பதில்: வருத்தமாக இருக்கிறது. திருட்டைத் தடுக்க உரிமையாளர் போடும் பூட்டு அது. மறந்துபோன எண்ணாகவும் இருக்கலாம், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். வாங்கிய தளத்தில் உடனே புகார் கொடுத்துப் பணத்தைத் தடுத்து நிறுத்தப் பாருங்கள். உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். பில் இல்லாமல், கண்ணெதிரே ஆன் செய்து காட்டாமல் விற்கிற எதையும் இனி தொடாதீர்கள்.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் 80 காட்டினால் ஜிபிஎஸ் 74 காட்டுகிறது. புது வண்டி. ஷோரூமில் சண்டை போட்டுவிட்டேன்.

பதில்: சண்டை வீண். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் விதி. உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை அது அனுமதிக்கிறது. 74-க்கு 85 வரை போகலாம். உங்கள் வண்டி வரம்புக்குள் இருக்கிறது.

கேள்வி: கருவி எதற்கு, போனே போதும் என்று ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டினேன். இப்போது கேமரா ஃபோகஸ் ஆகவில்லை, படம் நடுங்குகிறது. போன் கம்பெனியிடம் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், ஆனால் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். கேமராவில் நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸ் நுட்பமாக அசையும். இன்ஜினின் தொடர் அதிர்வு அதைக் கெடுக்கும். அதிக சக்தியுள்ள பைக் இன்ஜின்களின் அதிர்வில் ஐபோனை வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் 2021-இலேயே எச்சரித்திருக்கிறது. அதிர்வு தாங்கும் மவுண்ட் ஓரளவு உதவும். வீட்டில் கிடக்கும் பழைய போனை மாட்டுவது அதைவிட நல்லது.

கேள்வி: கறுப்புக் கண்ணாடி போட்டால் திரையே கறுப்பாகத் தெரிகிறது. திரை போய்விட்டதா?

பதில்: இல்லை. போலரைஸ்டு கண்ணாடி அது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டுத் திரையின் ஒளியைத் தடுக்கிறது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போடுங்கள்.

கேள்வி: கணினியில் மணிக்கணக்காக உட்கார்ந்து மலைப்பாதை ஒன்றை வரைந்து கருவியில் ஏற்றினேன். கருவியோ நெடுஞ்சாலையிலேயே கூட்டிப் போனது. கருவியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் ஏற்றியது "ரூட்". அதில் இருப்பது சில புள்ளிகள்தான். புள்ளிகளுக்கு இடையில் எந்தச் சாலை என்பதைக் கருவி தன் வரைபடத்தையும் தன் செட்டிங்கையும் பார்த்து மறுபடி முடிவு செய்கிறது. கருவியில் "விரைவான பாதை" என்று இருந்தால் நெடுஞ்சாலைக்குத்தான் இழுக்கும். கணினியிலும் கருவியிலும் ஒரே பதிப்பு வரைபடம் இருக்கட்டும். முக்கியமான ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் தள்ளி, நீங்கள் போக நினைக்கும் சாலையின் மேலேயே ஒரு புள்ளி வையுங்கள். சந்திப்பின் நடுவில் வைக்காதீர்கள், ஒரு புள்ளி தவறினால் கருவி "திரும்பி வா" என்று விடாமல் கத்தும். பாதை விலகினால் தானாக மாற்றிப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். அதே பாதையை "டிராக்" ஆகவும் ஏற்றி, வரைபடத்தின் மேல் கோடாகத் தெரியும்படி வையுங்கள். ரூட் எங்கே விலகினாலும் அந்தக் கோடு அப்படியே இருக்கும், அதைப் பார்த்து ஓட்டலாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஹெல்மெட் ப்ளூடூத்தில் குரல் வழிகாட்டியின் முதல் சொல் மட்டும் கேட்பதில்லை. "…பக்கம் திரும்பவும்" என்றுதான் வருகிறது. எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

பதில்: பேச்சு இல்லாத நேரத்தில் இணைப்பு தூங்கிவிடுகிறது, அது விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. பின்னணியில் பாட்டு மெல்லிய சத்தத்தில் ஓடட்டும், இணைப்பு தூங்காது. திருப்பத்துக்கு முன்பே ஒரு அறிவிப்பு வரும்படி செட்டிங்கில் மாற்ற முடிந்தால் அதையும் மாற்றுங்கள். இரண்டும் உதவவில்லை என்றால், வாங்கிப் பல நாள் ஆகவில்லையே, ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் ஹெல்மெட் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் ஜிபிஎஸ்ஸோடு கடையிலேயே இணைத்துக் கேட்டுப் பார்த்து வேறு வாங்குங்கள்.