மாட்ரிட்டில் ஒரு நான்கு நட்சத்திர இருட்டறை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்பெயின் ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற ஏப்ரல் கடைசியில் நான், என் கணவர், எழுபது தாண்டிய என் மாமியார் மூவரும் மாட்ரிட்டில் தங்கினோம். ஊரின் மையச் சதுக்கமான புவேர்த்தா தெல் சோலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நான்கு நட்சத்திர ஓட்டல். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. படத்தில் பார்த்த பால்கனி எங்களுக்கு வாய்க்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்தான். வெளியே நல்ல வெயில், ஏசியோ சூடான காற்றைத்தான் விட்டது. கேட்டால் "இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். குளியல் தொட்டிக்குள் மாமியாரை ஏற்றி இறக்குவது தினமும் பெரும்பாடு. அறையில் கெட்டில் கிடையாது. போன முதல் நாளே மூன்று பேரின் விலாசம், போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் கேட்டுக் கையெழுத்தும் வாங்கினார்கள். நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படியெல்லாம் நடத்தினார்களோ என்று கணவருக்கு இன்னும் சந்தேகம். அடுத்த ஆண்டு பார்சிலோனா போக நினைக்கிறோம். எதைப் பார்த்து ஓட்டல் எடுப்பது? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

கணவரின் சந்தேகத்தை முதலில் பேசிவிடுவோம். விலாசமும் போன் நம்பரும் கேட்டதற்கு நிறம் காரணமில்லை. ஸ்பெயினில் தங்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் ஓட்டல்காரர் உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 2021-இல் வந்த 933-ஆம் எண் அரசாணை அந்த விவரப் பட்டியலை இன்னும் நீட்டியது; 2024 டிசம்பர் 2 முதல் ஓட்டல்கள் அதன்படிதான் நடக்கின்றன. பாஸ்போர்ட் எண், வீட்டு விலாசம், போன், மின்னஞ்சல், பணம் எப்படிக் கட்டினீர்கள் என்பது வரை அதில் அடக்கம். 14 வயது தாண்டிய எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். செவியாவிலிருந்து வரும் ஸ்பானியரும் தன் அடையாள அட்டையை நீட்டி இதே கையெழுத்தைத்தான் போடுகிறார். ஓட்டல் சங்கங்களே இந்த ஆணையை எதிர்த்தன. வரவேற்பறையில் இருப்பவருக்கும் இது எரிச்சல் பிடித்த வேலைதான்.

இருட்டறைக்கு வேறு காரணம் இருக்கிறது, அது அவ்வளவு கௌரவமானதல்ல. பதிவுத் தளத்தில் வெறுமனே "டபுள் ரூம்" என்று, ரத்து செய்ய முடியாத மலிவுக் கட்டணத்தில், முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி வருகிறவருக்கு எந்த அறையைக் கொடுப்பது என்பது ஓட்டலின் விருப்பம். கோபித்துக்கொண்டு அவர் கிளம்பிப் போக முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். யாருக்காவது கொடுத்துத்தான் ஆகவேண்டிய மோசமான அறைகள் அந்தக் கட்டடத்தில் சில இருக்கும். ஏன் என்று தெரியக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாட்ரிட்டின் நடுப்பகுதியில் உள்ள பல ஓட்டல்கள் ஓட்டலாகக் கட்டப்பட்டவை அல்ல. 1906-இல் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ மன்னரின் திருமணத்துக்கு வந்த வெளிநாட்டு விருந்தினரைத் தங்கவைக்க ஊரில் தகுதியான ஓட்டல் இல்லை. அந்த வெட்கத்தில் பிறந்தவை 1910-இல் ரிட்ஸும் 1912-இல் பேலஸும். (அதே திருமண ஊர்வலத்தின்மேல் பூங்கொத்தில் மறைத்து வெடிகுண்டு எறிந்த மாத்தேயு மொரால், மாயோர் தெருவில் வாடகைக்கு எடுத்த விடுதி அறையின் பால்கனியிலிருந்துதான் எறிந்தார். தெருப்பக்க அறைக்கு அன்றும் கிராக்கி!) இப்படி ஓட்டலுக்கென்றே எழுப்பியவற்றை விட்டால், மற்ற பலவும் குடியிருப்புகளாக இருந்து மாறியவை. குறுகிய முகப்பு, நீண்ட உடம்பு. நடுவே வெளிச்சத்துக்காக விட்ட முற்றம், அதன் பெயர் பாத்தியோ. சில கட்டடங்களில் அது கிணற்றுக்குள் பார்ப்பது போலத்தான் இருக்கும். தெருவைப் பார்க்கும் அறை 'எக்ஸ்டீரியோர்', பாத்தியோவைப் பார்க்கும் அறை 'இன்டீரியோர்'. நீங்கள் படத்தில் பார்த்தது முதலாவது, கிடைத்தது இரண்டாவது.

நட்சத்திரம் இதைச் சொல்லாது. அதைக் கொடுப்பது அந்தந்தப் பிராந்திய அரசு. அறையின் சதுர மீட்டர், லிஃப்ட், வரவேற்பறை நேரம் போன்றவற்றை எண்ணிக் கொடுக்கும் கணக்கு அது. வாசலில் நீலப் பலகையில் H என்ற எழுத்துக்குக் கீழே இருப்பதை மட்டும் நம்பினால், வெளிச்சம் வரும் மூன்று நட்சத்திர அறையை விட்டுவிட்டு இருட்டான நான்கு நட்சத்திர அறைக்கு அதிகப் பணம் கொடுப்பீர்கள். பலகையில் Hs என்றிருந்தால் அது ஓஸ்தால். பெயரைப் பார்த்து மாணவர் விடுதி என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். கட்டடத்தின் ஓரிரு மாடிகளில் பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் எளிய விடுதி அது, தனி அறை, பல இடங்களில் தனிக் குளியலறை. எந்த அறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டால் அங்கேதான் நேரான பதில் கிடைக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 'எக்ஸ்டீரியோர்' என்று கேட்டுவிடவும் கூடாது. புவேர்த்தா தெல் சோல், உவேர்த்தாஸ், மலாசானியா, சுவேக்கா, லா லத்தீனா பகுதிகளில் தெருப்பக்க அறை என்றால் வியாழன் முதல் சனி வரை தூக்கம் சந்தேகம்தான். இவையெல்லாம் அடங்கிய சென்ட்ரோ வட்டாரத்தை 2012-இல் நகராட்சியே இரைச்சலிலிருந்து தனிப் பாதுகாப்பு தேவைப்படும் பகுதியாக அறிவித்தது. ஸ்பெயின் 1940 முதல் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. பூமியில் அது இருக்கும் இடமோ லண்டனுக்கு நேர் தெற்கே, இன்னும் கொஞ்சம் மேற்கே. ஆகவே ஏப்ரல் கடைசியில் மாட்ரிட்டில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடும். சாப்பாட்டுக் கடைகள் இரவுச் சமையலைத் தொடங்குவதே எட்டரைக்கு. சாப்பிட்டவர்கள் தெருவில் நின்று பேசி முடிக்க நள்ளிரவு தாண்டும், பிறகு குப்பை லாரி வரும். ஆகவே தெருப்பக்கம் எடுத்தால் ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா என்று கேளுங்கள். பெர்சியானா என்னும் சுருள் கதவு இருந்தால் வெளிச்சம் முழுக்க நிற்கும், இரைச்சல் கொஞ்சம் குறையும். ஜன்னல் ஓரத்தில் தொங்கும் பட்டையைப் பிடித்தபடி மெதுவாக விட்டுத்தான் அதை இறக்க வேண்டும். சடாரென்று விட்டால் பட்டை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த தீர்வு, பேட்டையையே மாற்றிவிடுவது. சாம்பெரியில் இக்லேசியா நிலையத்தருகே தங்கினால் முதலாம் மெட்ரோ வழியில் நான்காவது நிறுத்தம் சோல். சலமாங்காவில் கோயா நிலையத்தருகே என்றால் இரண்டாம் வழியில் ஐந்தாவது நிறுத்தம். மெட்ரோ காலை ஆறு முதல் நள்ளிரவு ஒன்றரை வரை ஓடும். குடும்பங்கள் வாழும் பேட்டைகள் இவை, தெருப்பக்க அறையிலும் தூங்கலாம். வயதானவரோடு போகிறவர்கள் "எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம்" என்று சோலில் அறை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பகலில் மிச்சமாகும் நடையை இரவில் தூக்கத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இனி ஏசி. அது கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். பழைய கட்டடங்களில் அறையின் கூரைக்குள் இருப்பது விசிறியும் குழாய்ச் சுருளும் கொண்ட ஒரு பெட்டி மட்டுமே. சூடோ குளிரோ அதற்குக் குழாய்த் தண்ணீரில் வருகிறது. புதிய கட்டடத்தில் வெந்நீருக்கு ஒரு ஜோடிக் குழாய், குளிர்நீருக்கு ஒரு ஜோடி. பழையதில் எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி. குளிர்காலம் முழுக்க அதில் வெந்நீர் ஓடும், கோடையில் குளிர்நீர். மாற்றினால் கட்டடம் முழுவதற்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறைதான் மாற்றுவார்கள். ஏப்ரல் கடைசியில் பகல் 25 டிகிரி தொட்டாலும் இரவு பத்துக்கும் கீழே போகும் என்பதால் வெந்நீரை நிறுத்தத் தயங்குவார்கள். நீங்கள் சுவரில் 18 என்று வைத்தாலும் வருவது அதே சூடுதான். இயந்திரத்தை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பதுதான் வழி. மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம், இரவுக் காற்று குளிர்ந்துதான் வரும். ஆனால் பாத்தியோவுக்குள் அந்தக் காற்று எட்டாது, எட்டுவது கீழ்ச் சமையலறையின் எண்ணெய் வாடை. ஏப்ரல், மே, அக்டோபரில் போகிறவர்கள் "இந்தத் தேதியில் குளிரூட்டல் ஓடுமா?" என்று மின்னஞ்சலில் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

மாமியாரின் சிரமத்தை ஒரு வரி எழுதித் தவிர்த்திருக்கலாம். தொட்டியின் விளிம்பு அரை மீட்டருக்கு மேல் இருக்கும். அதில் பாதி நீளத்துக்கு மட்டும் கண்ணாடித் தடுப்பு, மீதிப் பாதி வழியாகத் தண்ணீர் தெறித்துத் தரை வழுக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் ஆபத்து. பதிவு செய்த கையோடு ஓட்டலுக்கு நேரடியாக எழுதி 'பிளாத்தோ தே துச்சா' உள்ள அறை கேளுங்கள். தொட்டி இல்லாமல் தரையோடு ஒட்டிய ஷவர் மேடை அது. கைப்பிடி கம்பியும் வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை காலியா என்று கேட்கலாம். குழாயில் C என்றிருந்தால் வெந்நீர், F என்றால் குளிர்நீர். ஆங்கிலப் பழக்கத்தில் C-யைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தாலும் அதற்கு முன்னால் எத்தனை படி என்றும் கேளுங்கள். பழைய படிக்கட்டின் நடுவில் பிறகு நுழைத்த லிஃப்ட்டுகள் நாலைந்து படி ஏறிய பிறகுதான் தொடங்கும், பெட்டியோடு இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும்.

மூன்றாவது ஆளுக்கு "கூடுதல் கட்டில்" என்று போட்டிருந்தால் அது மடக்குக் கட்டில். விரித்தபின் நடக்க இடமிருக்காது. இரண்டு அறை எடுங்கள்.

கெட்டில் வைப்பது ஸ்பானிய வழக்கமில்லை. அவர்கள் காபிக்குக் கீழே இறங்கிப் போகிறவர்கள். வரவேற்பறையில் கேட்டால் பெரும்பாலும் ஒன்று தருவார்கள். ஊரிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுபோவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. குக்கரும் ஹேர் டிரையரும் சேர்ந்து ஓடினால் மின்சாரம் நின்றுவிடும், அதைத் திரும்பப் போடும் சுவிட்ச் உங்கள் அறைக்குள் இருக்காது. கடுகு தாளித்தால் புகை உணரி கத்தும். லவப்பியெஸ் பேட்டையில் இந்திய, வங்கதேசச் சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன, அங்கே சாப்பிட்டுவிட்டு வருவது எளிது. ஓட்டலின் காலை உணவுக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள். முனைக்கடையில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டியும் பால் காபியும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். மாமியார் சைவம் என்றால் 'வெஹெத்தால்' என்ற பெயரில் விற்கும் சாண்ட்விச்சைத் தொடவேண்டாம், அதில் சூரை மீனும் முட்டையும் இருப்பது சகஜம்.

அறை பிடிக்கவில்லை என்றால் பெட்டியைப் பிரிக்குமுன் கீழே போய்ச் சொல்லவேண்டும். ஓர் இரவு தங்கிவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். விளம்பரத்தில் இருந்தது ஒன்று, கொடுத்தது வேறு என்று உறுதியாகத் தெரிந்தால் 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' கேளுங்கள். இந்த அரசுப் புகார்ப் படிவத்தை எல்லா ஓட்டலும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் மறுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதலாம். உங்கள் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் அன்றே திரும்பிவராது. ஆனால் அந்தச் சொல்லை உச்சரித்ததும் காலியாக இல்லாத அறைகள் சில காலியாகும்.

பார்சிலோனாவில் மேலே சொன்னதில் பாதி தலைகீழ். கோத்திக், ராவல், போர்ன் பகுதிகள் மாட்ரிட்டின் புவேர்த்தா தெல் சோல் போலத்தான். எய்ஷாம்ப்ளே பேட்டையில் எடுங்கள். இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் 1859-இல் தீட்டிய திட்டம் அது. ஒவ்வொரு கட்டட வளாகமும் பக்கத்துக்கு 113 மீட்டர், மூலைகள் வெட்டப்பட்டவை, நடுவே பெரிய திறந்தவெளி. கீழ்த்தளத்தில் அதை ஆக்கிரமித்துவிட்டாலும் மேல் மாடிகளுக்கு வானம் மிச்சமிருக்கிறது. ஆகவே இங்கே பின்பக்க அறைதான் சிறந்தது, வெளிச்சமும் அமைதியும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் அதே கட்டடத்தில் சிறிய வெளிச்சக் குழியைப் பார்க்கும் அறைகளும் உண்டு, அவற்றையும் இன்டீரியோர் என்றே விற்பார்கள். "வளாகத்தின் உள்வெளியைப் பார்க்கிறதா, வெளிச்சக் குழியையா?" என்று பிரித்துக் கேட்க வேண்டும். தெருப்பக்கம்தான் வேண்டுமென்றால் 2023-இல் வாகனங்களைக் குறைத்து மரம் நட்ட கொன்செல் தெ சென்ட் தெரு நல்லது. அதற்கு அடுத்த இணைத்தெருவான அரகோ பல வழித்தட நெடுஞ்சாலை மாதிரி, வேண்டாம். மாடி எண்ணிலும் கவனம். தரைத்தளத்துக்கு மேல் என்ட்ரெசோல், பிரின்சிபால் என்று இரண்டு வந்த பிறகே ஒன்று தொடங்கும் கட்டடங்கள் உண்டு. அங்கே இரண்டாம் மாடி என்பது நம் கணக்கில் நான்கு. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள மாடியையும் தவிருங்கள், தலைக்கு மேல் ஏசி இயந்திரங்கள் ஓடும்.

மாட்ரிட்டில் இல்லாத தங்கல் வரி அங்கே உண்டு. பார்சிலோனா அடங்கிய கத்தலோனியா பிராந்தியம் 2012 முதல் வாங்குகிறது, பார்சிலோனா நகராட்சி அதன்மேல் தன் பங்கையும் சேர்க்கிறது. தலைக்கு, இரவுக்கு என்று கணக்கு. ஏழு இரவுக்கு மேல் கிடையாது, 16 வயது வரை விலக்கு. நட்சத்திரம் கூடினால் வரியும் கூடும். பதிவுத் தளத்தின் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஓட்டலில்தான் கட்ட வேண்டியிருக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரத்தை விட்டுவிடுங்கள். மொபைல் உலக மாநாடு அப்போதுதான் நடக்கும், இதே அறைகள் மூன்று மடங்கு விலைக்குப் போகும்.