மதுரையிலிருந்து மாணவர்களோடு கடலுக்கு: கேள்வி பதில்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மாணவர்களைக் கடல் விளையாட்டுக்குக் கூட்டிப்போறது பத்தி நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்.

திருமங்கலம், உடற்கல்வி ஆசிரியர்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க 40 பேர். ஆடி மாசம் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு) விடப் போகலாமா சார்? காத்து பலமா இருக்குமே?

போகலாம் சார். எந்தக் கரைக்குப் போறோம்ங்கிறதுதான் விஷயம். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஆடியில கச்சான் காத்து தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போ மன்னார் பக்கம் அலை எழும்பும், அரியமான் கடற்கரை இருக்கிற வடகரையில தண்ணி கண்மாய் மாதிரி அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல வடகிழக்கிலிருந்து வாடைக் காத்து கிளம்பினா நிலைமை தலைகீழ்.

ஆனா அந்த அமைதியை நம்பிடாதீங்க. வடகரையில கச்சான் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுது. பையன் துடுப்பை மடியில வெச்சுக்கிட்டு பக்கத்துப் பையனோட பேசிட்டிருந்தா, கயாக் தன்னால வெளியே போய்க்கிட்டே இருக்கும். திரும்பணும்னா எதிர்க்காத்து, கை சோர்ந்துரும். அதனால கரையை ஒட்டி, இடுப்பளவு தண்ணியிலேயே ஓட்டச் சொல்லுங்க. அவங்களுக்குக் கடல் பக்கமா இன்ஜின் படகு ஒண்ணு காவலுக்கு நிக்கணும். அது இல்லாத இடத்துல பிள்ளைங்களை இறக்கவே இறக்காதீங்க. எட்டு எட்டுப் பேரா இறக்குங்க, மத்தவங்க கரையில இருக்கட்டும். வெயில் ஏற ஏற காத்தும் ஏறும், ஏழு மணிக்கே ஆரம்பிச்சிரணும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். விடிய விடிய பஸ்ல வந்த பிள்ளையை அப்படியே தண்ணியில தள்ளக் கூடாது. முந்தின நாளே வந்து தங்குங்க.

மேலூர், ஒரு அம்மா: என் மக கிணத்துல நல்லா நீந்துவா தம்பி. லைஃப் ஜாக்கெட் அவசியமா?

கட்டாயம் போடணும்க்கா. கிணத்துல நாலு கை போட்டா படி வந்துரும், கடல்ல வராது. ஜாக்கெட்டை மாட்டி வார் எல்லாம் இறுக்கினதும் தோள்பட்டையைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறினா அளவு பெரிசு. தண்ணியில விழுந்ததும் முகத்தை மறைச்சிரும். வேற வாங்கிப் போடுங்க. கிணத்து நீச்சல் ஒண்ணும் வீண் போகாது, கயாக் கவிழ்ந்தா அவ பதற மாட்டா.

மதுரை, கல்லூரி மாணவர்: அரிச்சல்முனையில குளிக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. ரெண்டு கடலும் சேர்ற முனை, நீரோட்டம் ஆளை இழுத்துட்டுப் போயிரும். 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச தேவாலயச் சுவர் தனுஷ்கோடியில இன்னும் நிக்குது, அதைப் பாருங்க.

பரமக்குடி, ஆசிரியை: சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுட்டா என்ன செய்யணும்?

கடல் தண்ணியாலேயே கழுவுங்க டீச்சர். நல்ல தண்ணி ஊத்தினாலோ மணல் போட்டுத் தேய்ச்சாலோ எரிச்சல் கூடும். ஒட்டியிருக்கிற இழையைச் சின்ன இடுக்கியால எடுத்துட்டு, பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல வைங்க. மூச்சுத் திணறினா உடனே 108.

உசிலம்பட்டி, தலைமையாசிரியர்: ஆறாம் வகுப்பு. பாதிப் பேருக்குத் தண்ணின்னாலே பயம்.

அப்போ காரங்காடு போங்க ஐயா. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல, வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து நடத்துறாங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள கால்வாயில படகு போகும், அலை கிடையாது. சேத்துக்கு மேல ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறதெல்லாம் மரத்தோட மூச்சு வேர். பிள்ளைங்க அதைக் கண்டா பயத்தை மறந்து கேள்வி கேட்க ஆரம்பிச்சிருவாங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம எங்கேயும் இறக்கிடாதீங்க.

சிலைமான், டூர் பொறுப்பாளர்: பணம் கட்டின பிறகு, காத்து சரியில்லைன்னு பயிற்சியாளர் நிறுத்திட்டா?

நிறுத்தட்டும். அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சே வேண்டாம். பணம் திரும்ப வருமா, வேற தேதி தருவாங்களான்னு முன்கூட்டியே எழுதி வாங்கிக்கோங்க. அன்னைக்குப் பொழுதுக்கு மண்டபம் மீன் காட்சியகமும் பேய்க்கரும்புல கலாம் நினைவிடமும் போதும்.