128 போதுமா, 320 வேண்டுமா? எம்பி3 கேள்வி பதில்

மதுரையில் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறேன். பென் டிரைவோடு கடைக்கு வருகிறவர்கள் எம்பி3 பற்றிக் கேட்டவற்றில் சில இங்கே.

செல்லூரிலிருந்து: அண்ணே, சிடியில் 50 எம்பி இருந்த பாட்டு எம்பி3 ஆனதும் 5 எம்பிக்குள் வந்துவிட்டது. மீதி எங்கே போனது?

தூக்கிப் போட்டாகிவிட்டது, தம்பி. ஜிப் ஃபைலைப் பிரித்தால் உள்ளே வைத்தது அப்படியே திரும்பக் கிடைக்கும். எம்பி3 அப்படியில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்கத்தில் கொலுசு குலுங்கினால் கேட்குமா? பெரிய சத்தம் சின்ன சத்தத்தை மறைத்துவிடும். காதில் விழாததை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் போன்றவர்கள் வருஷக்கணக்காக உழைத்தது இதற்குத்தான். சிடிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எம்பி3-ல் 128, 320 என்று சொல்வதும் அதே விநாடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்குத்தான். 128-ல் போட்டால் சிடியில் 11-ல் ஒரு பங்குதான்.

மேலூர்: முளைப்பாரிக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறோம். 128 போதுமா?

தாராளமாகப் போதும். கூம்பில் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தமும் வராது, ரொம்ப உச்சத்தில் இருப்பதும் வராது. அதற்கு 320 கொடுப்பது வீண்.

ஆனால் மண்டபத்தில் நல்ல பாக்ஸ் வைத்துத் தவில் போடுகிறீர்கள் என்றால் 128 வேண்டாம். எம்பி3 சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் சுருக்கும். ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லி விநாடி. அமைதிக்கு நடுவே பளீரென்று அடி விழும்போது, சுருக்கியதால் வந்த இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்பே லேசாக 'ஸ்ஸ்' என்று கேட்கும். நாதஸ்வரத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தவில், உருமி, பறை மூன்றும் காட்டிக் கொடுத்துவிடும்.

திருமங்கலம்: என்னிடம் இருக்கும் 128 பாட்டுகளை 320 ஆக மாற்றினால் தரம் கூடுமா?

அரை லிட்டர் பாலை அண்டாவில் ஊற்றினால் பால் கூடிவிடுமா? ஃபைல்தான் பெருக்கும். இன்னொரு தடவை சுருக்குவதால் இருப்பதும் கொஞ்சம் கெடும். நானே ஒரு காலத்தில் '320 கலெக்ஷன்' என்று ஹார்டு டிஸ்க் நிறைய காசு கொடுத்து வாங்கி ஏமாந்தவன். ஆடாசிட்டி என்ற மென்பொருளில் திறந்து, சத்தம் எந்த உச்சம் வரை போகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட பாட்டுகளில் சத்தம் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரியால் வெட்டியதுபோல நின்றிருந்தது. 128-ல் சுருக்கும்போதுதான் வழக்கமாக அங்கே வெட்டு விழும். அதனால் அவை பெரும்பாலும் 128-ஐ ஊதிப் பெரிதாக்கியவை.

காளவாசல்: கார் செட்டில் தமிழ்ப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. பாட்டில் கோளாறு கிடையாது. பெயரை இங்கிலீஷ் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சோழவந்தான்: எம்பி3 செத்துவிட்டது என்கிறார்களே?

2017-ல் காப்புரிமைக் காலம் முடிந்து, உரிமத் தொகை வாங்குவதை நிறுத்தினார்கள். அதைத்தான் சாவு என்று எழுதிவிட்டார்கள். இப்போது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதே அளவுக்குள் ஏஏசி என்ற இன்னொரு சுருக்கும் முறை இன்னும் நன்றாக ஒலிக்கும், அது உண்மை.

உசிலம்பட்டி: அப்பத்தா பாடிய தாலாட்டு கேசட்டில் இருக்கிறது. எம்பி3 ஆக்கித் தருவீர்களா?

ஆக்கலாம், ஆனால் நேராக எம்பி3-க்குப் போகக்கூடாது. முதலில் எதையும் சுருக்காத வேவ் ஃபைலாக எடுத்து இரண்டு இடத்தில் வைப்போம். இடம் பத்தாவிட்டால், ஜிப் மாதிரி எதையும் தூக்கிப் போடாமல் சுருக்கும் ஃப்ளாக். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அதிலிருந்து ஒரு எம்பி3 போட்டுக்கொள்ளலாம். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த கேசட் என்றால் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், அப்படியே எடுத்து வாருங்கள். கடைசிவரை ஒரு தடவை சுற்றி, திரும்பவும் சுற்றி, டேப்பைத் தளர்த்திவிட்டுத்தான் பிளே பொத்தானை அமுக்க வேண்டும்.